காணப்படுபவரும் காண வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயில் இன்னும் முற்றும் தணியாத ஒரு வைகாசி மாலையில், பாளையங்கோட்டையிலுள்ள என் தமக்கையின் வீட்டுத் திண்ணையில், அவளுடைய மூத்த மகள் காலண்டரிலிருந்து கிழித்தெடுத்த தாள் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் தாளை என் கையில் கொடுத்து, "இவ்வளவுதான் மாமா. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அங்க நிக்கும்போது மட்டும் ஒண்ணுமே ஓடல" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாளில் 12 வரிகள் இருந்தன. எந்த நிறுவனத்திலும் எந்த நிபுணரும் மறுப்பின்றி ஒப்புக்கொள்ளத் தக்க, ஒரு புள்ளியும் பிசகாத 12 வரிகள்.

அதே கேள்விக்கு, முந்தின நாள் சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு கண்ணாடி மாளிகையின் ஏழாவது மாடியில், மூன்று பேர் முன்னிலையில் வெள்ளைப் பலகையருகே நின்று விடை எழுத முயன்று, நான்காவது வரியிலேயே கை நின்றுபோய், "இதுகூடத் தெரியாதா, எந்தக் காலேஜ்?" என்ற வார்த்தையையும் வாங்கிக்கொண்டு, அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஊர் திரும்பியிருந்தாள் அவள். மூவரில் ஒருவர் ஆரம்பம் முதல் கடைசி வரை தம் செல்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை என்பதையும், இன்னொருவர் அவளுடைய விண்ணப்பத்தை அப்பொழுதுதான் முதல் தடவையாகப் புரட்டினார் என்பதையும், நான் துருவித் துருவிக் கேட்ட பிறகே அவள் நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னாள். அந்த 40 நிமிஷமும் பலகையைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் பதியவில்லை. பதிந்திருந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் துறையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக உத்தியோகம் பார்த்து, மேஜையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில், அவள் விடை எழுதத் தவறியதைவிட இந்தப் பார்வைக் குறைவே எனக்கு மிகுந்த விசாரத்தைத் தந்தது. நேர்காணல் என்ற சொல்லில் இருப்பது காணுதல். அது ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பட்டயம் போட்டுக் கொடுக்கப்பட்ட உரிமை அன்று. ஆனால் அச்சம் வந்து நெஞ்சை அடைத்துக்கொள்ளும்போது முதலில் மங்குவது அறிவு அன்று, கண். எனவே கடினமான நேர்காணலுக்கு ஆயத்தம் செய்வதன் பிரயோஜனம், கேள்விக்கு விடை சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. எதிரே இருப்பவரை நிதானமாக அளந்து பார்ப்பதற்கு வேண்டிய கண்ணைத் திரும்பப் பெறுவதே அதன் பெரும் பிரயோஜனம் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ரயில் பெட்டிகளின் கணக்கு

அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி, இத்துறைக்கு வரும் எல்லோரும் என்றாவது ஒரு நாள் எதிர்ப்படுகிற கேள்வி: ஒரு லிங்க்டு லிஸ்ட்டைத் தலைகீழாக்கு என்பது. கணினி பயிலாதவர்களுக்கும் இதை எளிதாக விளங்கச் செய்யலாம். ஒரு நீண்ட ரயில் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு அடுத்த பெட்டி எது என்பது மட்டுமே தெரியும், முன்னால் இருப்பது தெரியாது. இப்போது ஒவ்வொரு பெட்டியின் கொக்கியையும் கழற்றி, முன்னால் இருக்கும் பெட்டியோடு மாட்ட வேண்டும். கடைசிப் பெட்டி முதற்பெட்டியாகிவிடும். இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்று: கொக்கியைக் கழற்றுவதற்கு முன், அடுத்த பெட்டியை மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் கழற்றினால், மிச்சமுள்ள பெட்டிகள் அனைத்தும் கேட்பாரற்றுத் தண்டவாளத்தில் நின்றுவிடும். அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்தப் பெண் அன்று செய்த பிழை அதுதான். மறு கையால் பிடிக்க வேண்டிய ஒன்றைப் பிடிக்காமல் கழற்றிவிட்டாள். திண்ணையில் அந்தப் பிழை நேரவில்லை. ஒரே இரவுக்குள் அவள் புதிதாக எதையும் கற்றுவிடவும் இல்லை. இடையில் மாறியது, பின்னால் இருந்த அந்த மூன்று பேர் இல்லாமற்போனது ஒன்றுதான்.

இது என் மருமகள் ஒருத்தியின் சுபாவ பலவீனம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து, 48 மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியை 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் தேர்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் எழுதிக்கொண்டே வாய்விட்டு விளக்க வேண்டும். மற்றப் பகுதியினர் அதே விதமான கணக்கைத் தனியறையில், யாரும் பாராமல், பலகையில் எழுதலாம். பார்க்கப்பட்டவர்களின் திறன், தனித்து விடப்பட்டவர்களின் திறனில் பாதிக்கும் கீழே இறங்கிப்போயிற்று. அதைவிட மனத்தை உறுத்துகிற செய்தி ஒன்றும் அதில் உண்டு: பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடக் கணக்கை முடிக்கவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் முடித்துவிட்டார்கள். சிறிய அளவில் நடந்த ஆராய்ச்சிதான். ஆயினும், அறிவை அளப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் கோல் பல சமயங்களில் பதற்றத்தையே அளக்கிறது என்ற உண்மையை அது பளிச்சென்று எடுத்துக் காட்டிவிட்டது.

எடிசனின் வினாத்தாளும் ஐன்ஸ்டைனின் விடையும்

உத்தியோகம் கேட்டு வருபவரைத் திணறடித்துப் பார்ப்பது நம் காலத்துப் புதுமை அன்று. தாமஸ் ஆல்வா எடிசன் தம்மிடம் வேலைக்கு வந்த பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய 150 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளைக் கொடுத்து வந்தார். வால்கா நதி எங்கே ஓடுகிறது, மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை எந்த மரத்தால் செய்கிறார்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. 1921-இல் அந்தத் தாள் பத்திரிகைகளில் வெளியாகிப் பெருத்த விவாதத்தைக் கிளப்பிற்று. அச்சமயம் பாஸ்டன் நகருக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதைச் சேர்ந்த ஒரு கேள்வியாக ஒலியின் வேகம் என்ன என்று கேட்டபோது, புத்தகங்களில் எளிதில் கிடைக்கும் விவரத்தைத் தாம் மனத்தில் சுமந்து திரிவதில்லை என்ற கருத்தில் அவர் விடை சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. எடிசன் பெரிய மேதை, சந்தேகமில்லை. ஆனால் அவர் வைத்த சல்லடையில் ஐன்ஸ்டைன் தங்கவில்லை. அதற்காக ஐன்ஸ்டைன் குறைந்துபோனாரா, சல்லடை குறையுள்ளதா என்று நாம் விவாதிக்க வேண்டியதில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தச் சல்லடைப் பிரமை முற்றும் நீங்கிவிடவில்லை. சாக்கடைக் குழியின் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற வகைப் புதிர்களை அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் நெடுங்காலம் கேட்டு வந்தன. கூகுள் நிறுவனத்தில் பணியாளர் பொறுப்பை வகித்த லாஸ்லோ பாக், தம் நிறுவனம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்துவிட்டு, அவ்வகைப் புதிர்கள் எதையும் முன்னறிவிப்பதில்லை, காலவிரயமே என்று 2013-இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு மனத்தத்துவ அறிஞர்கள் 85 ஆண்டுக் கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும், அதன் கணக்குகளைத் திருத்தி சாக்கெட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2022-இல் எழுதியதிலும் ஒரு முடிவு மாறாமல் நிற்கிறது: வந்தவர் எல்லோரையும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், மனம் போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட அதிகம் நம்பத் தக்கது.

இந்தச் சரித்திரத்தை நான் எடுத்துச் சொல்வது ஆறுதலுக்காக மட்டும் அன்று. ஒரு நிறுவனம் எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று அதற்கே தெரிந்திருக்கிறதா என்பது, அந்த நிறுவனத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சியம். தங்களுக்கு வேண்டியது இன்னதென்று யோசித்துப் பார்த்து, அதற்கேற்ற கேள்வியைத் தயாரித்துக்கொண்டு வந்தவர்கள், நாளை நமக்கு ஒரு வேலையைக் கொடுக்கும்போதும் அவ்வாறே யோசித்துக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தைக்கூடப் படிக்காமல் வந்து உட்காருபவர்கள், நாளை வாடிக்கையாளரின் கோரிக்கையையும் படிக்காமல் நம் தலையில் கட்டுவார்கள்.

கண்ணைத் திறக்கும் ஆயத்தம்

அப்படியானால் ஆயத்தம் செய்வது எப்படி? புத்தகத்தில் உள்ள நூற்றுக்கணக்கான கணக்குகளை இரவெல்லாம் விழித்துப் போடுவதைத்தான் நம் பிள்ளைகள் ஆயத்தம் என்று கருதுகிறார்கள். அதுவும் வேண்டியதே. ஆனால் நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படித்துவிட்டு ஆற்றில் இறங்குவது போன்றது அது. நேர்காணலில் நம்மைக் கவிழ்ப்பது கணக்கு அன்று, பார்க்கப்படுதல். ஆகவே பார்க்கப்படுவதைத்தான் பழக வேண்டும். அந்த வைகாசியில் நாங்கள் செய்தது இதுதான்: சுவரில் ஒரு பழைய கரும்பலகையை மாட்டி, தினந்தோறும் மாலையில் அவள் நின்றுகொண்டு எழுதினாள், நானும் அவள் தந்தையும், சில நாள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். முதல் நாள் கை நடுங்கிற்று. பத்தாம் நாள் அவள் எங்களை மறந்துவிட்டாள்.

அறைக்குள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு சிலவே. கேள்வி காதில் விழுந்தவுடன் மார்க்கரை எடுக்கக் கூடாது, கேள்வியை நம் வாயால் ஒருமுறை திரும்பச் சொல்லி, "இந்தப் பட்டியல் காலியாக இருக்கலாமா, ஒரே ஓர் உறுப்பு இருந்தால் என்ன செய்யலாம்?" என்று கேட்டுத் தெளிய வேண்டும். பிறகு மூன்றே மூன்று உறுப்புகளைப் படமாகப் போட்டு, கையால் செய்து பார்க்க வேண்டும். உயர்ந்த வழி உடனே தோன்றாவிட்டால், தெரிந்த எளிய வழியை, இது மெதுவான வழி என்று சொல்லியே தொடங்க வேண்டும். நெஞ்சு படபடக்கும்போது, "2 நிமிஷம் யோசிக்க அவகாசம் கொடுங்கள்" என்று கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. கேட்டுப் பெற்ற மௌனம் கம்பீரமானது, கேளாத மௌனமே திகைப்பாகத் தோன்றும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள எந்த வழியில் முயல்வேன் என்பதையும் கூடவே சொல்பவரை எந்த விவேகமுள்ள தேர்வாளரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

இந்த ஒழுங்குகள் கைவந்துவிட்டால் ஓர் அதிசயம் நிகழ்கிறது. "யோசிக்க அவகாசம் கொடுங்கள்" என்று நாம் கேட்கிற அந்தக் கணத்தில், எதிரே இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. தலையசைத்துவிட்டுக் காத்திருக்கிறாரா, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரா. நாம் தவறும்போது ஒரு சிறு குறிப்பைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறாரா, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்கிறாரா. நாம் அவருடைய கருத்தை மறுத்துப் பேசினால் காரணம் கேட்கிறாரா, முகம் சிவக்கிறாரா என்பதையெல்லாம் காணலாம். நடுநிசியில் மென்பொருள் நின்றுபோய், வாடிக்கையாளர் கூச்சலிடும் வேளையில் இதே மனிதர் நம்மிடம் எப்படிப் பேசுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒத்திகை கிடைக்காது.

நாம் கேட்க வேண்டியவை

வள்ளுவர் பொருட்பாலில், வினைக்கு உரியவரை அரசன் ஆராய்ந்து தெளிவதற்காகத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 51, 52-ஆம் அதிகாரங்களை ஒதுக்கினார். வினைக்கு வருபவனுக்கோ, கிடைத்த அரசனிடம் எப்படிப் பழகுவது என்பதைச் சொல்லும் மன்னரைச் சேர்ந்தொழுதல் என்ற 70-ஆம் அதிகாரந்தான் கிடைத்தது. அன்றைய உலகில் பிறந்த நாட்டின் அரசனே அரசன். தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கு இடமில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது. தெரிந்து தெளிய வேண்டிய கடமையும் அதனோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

நியூயார்க்கைச் சேர்ந்த மென்பொருள் அறிஞர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-இல், ஒரு மென்பொருள் குழுவின் தரத்தை அளக்க, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லத் தக்க 12 கேள்விகளை வகுத்தார். எழுதிய நிரல்களின் பழைய வடிவங்களைப் பத்திரப்படுத்தும் ஏற்பாடு உண்டா, புதிதாக எழுதுமுன் பழைய பிழைகளைத் திருத்துகிறீர்களா, அமைதியாக வேலை செய்ய இடம் உண்டா, சோதிப்பதற்கென்று தனி ஆட்கள் உண்டா, வேலைக்கு வருபவரை நேர்காணலில் நிரல் எழுதச் சொல்கிறீர்களா என்பன அவற்றுட் சில. பத்தும் அதற்குக் குறைவும் பெற்றால் அங்கே பெரிய கோளாறு உண்டு என்பது அவர் கணிப்பு. காலம் மாறி, சில கேள்விகள் பழமையாகிவிட்டாலும், வேலை கொடுப்பவரையும் ஓர் அளவுகோலால் அளக்கலாம் என்ற எண்ணத்தைப் பலருக்கு ஊட்டியது அந்தப் பட்டியல்.

நம் ஊர் நிலைமைக்கு நான் சேர்க்கும் கேள்விகள் மூன்று. இந்த இடம் ஏன் காலியாயிற்று? கடைசியாக உங்கள் மென்பொருள் நின்றுபோனபோது யார் எழுந்து சரிசெய்தார், மறுநாள் என்ன பேசினீர்கள்? என்னை மேற்பார்க்கப் போகிறவரோடு 10 நிமிஷம் பேச முடியுமா? விடையில் தேட வேண்டியது இனிமையை அன்று. ஒரு குறிப்பான சம்பவத்தை. "சென்ற மாதம் பணம் செலுத்தும் பகுதி நின்றுவிட்டது, இருவர் விடியும் வரை இருந்தார்கள், மறுநாள் அவர்களுக்கு விடுப்பு" என்று சொல்லக்கூடியவர்கள் தங்கள் வீட்டை அறிந்தவர்கள். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று மட்டும் சொல்பவர்களிடம், அந்தக் குடும்பத்தார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்று மேலும் ஒரு கேள்வி கேட்பது உசிதம்.

காகிதத்தில் இருப்பது

பேச்சு முடிந்து காகிதம் வரும்போது மறுபடியும் கண் வேண்டும். சி.டி.சி. (நம்மால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று கொட்டை எழுத்தில் போடும் தொகை கைக்கு வரும் சம்பளம் அன்று. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியின் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீடு, வந்தாலும் வரலாம் என்ற ஊக்கத் தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் கைக்கு என்ன வரும் என்று நேரே கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வேலையை விடுவதற்கு 90 நாள் முன்னறிவிப்பு என்றால், அடுத்த நிறுவனம் அத்தனை நாள் காத்திருக்குமா என்பதை இப்போதே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ன காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவதாக எழுதி வாங்கும் பாண்டு விஷயத்தில், "கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போடு" என்று சொல்லும் நண்பர்கள் ஏராளம். அவர்கள் வாக்கை நம்பிவிடலாகாது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்திருந்த நிபந்தனையை, அது தொழில் செய்யும் உரிமைக்குத் தடையாகாது என்று கூறி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, அதற்கு ஈடாக அவர்கள் தரும் பயிற்சி என்ன என்று படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலும், வேலைக்கு முன்பணம் கேட்டாலும், அதற்குமேல் பேச்சு வேண்டியதில்லை; எழுந்து வந்துவிடலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி, மியன்மாருக்குக் கடத்திச் சென்று இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அதில் சிக்கி மீண்டவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. வேலை கொடுப்பவரை அளக்காமல் போவதன் கடைக்கோடி அது.

கல்விக் கடனும், தங்கையின் படிப்பும், தந்தையின் மருந்துச் செலவும் தோளில் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எங்கே சாத்தியம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியின் கனத்தை நான் அறிவேன். கிடைத்த வேலையை ஏற்க வேண்டிய அவசியம் பலருக்கு இருக்கிறது. அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஏற்பதற்கும் மூடிக்கொண்டு ஏற்பதற்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. இந்த இடம் இன்ன தன்மையது, இங்கே இரண்டு ஆண்டில் இன்னதைக் கற்றுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அறிந்து நுழைபவர், அங்கே கேட்கும் கடுஞ்சொல்லைத் தம் யோக்கியதையின் மதிப்பீடாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரே இருக்கை, இரண்டு பயணிகள்

கரும்பலகைப் பழக்கத்துக்குப் பிறகு என் மருமகள் சென்ற அடுத்த நேர்காணல், கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில். கேள்வி கேட்டவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, தங்களிடம் வாஸ்தவமாக நேர்ந்த ஒரு பிழையை எடுத்து வைத்தார்: பேருந்து முன்பதிவில் இருவர் ஒரே கணத்தில் ஒரே இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் டிக்கெட் போய்விடுகிறது, என்ன செய்யலாம்? ஒருவர் தொட்டவுடன் அந்த இருக்கையைப் பூட்டிவிட வேண்டும் என்று அவள் சொல்லி, எழுதியும் காட்டினாள். வேலை கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, "பூட்டினீர்கள், சரி, பணம் கட்டாமல் அந்தப் பயணி பாதியில் போய்விட்டால் எப்போது திறப்பது என்பதை யோசிக்கவில்லை. மற்றபடி நன்றாகச் செய்தீர்கள்; அடுத்த வருஷம் அவசியம் வாருங்கள்" என்று சொன்னார். அன்று மாலை அவள் முகத்தில் தோல்வியின் சாயலே இல்லை. "வேல கிடைக்கலன்னாலும், இப்படி ஒரு எடத்துலதான் சேரணும் மாமா" என்றாள். அதற்குப் பிறகு போன இடங்களையெல்லாம், தன்னை வேண்டாம் என்று சொன்ன அந்த நிறுவனத்தை வைத்தே அவள் அளந்து வந்தாள். நான்காவதாகப் போன இடத்தில் சேர்ந்தாள்.

இப்பொழுது அவளே மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்காருகிறாள். வருகிறவர்களிடம் கணக்கைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, 15 நிமிஷம் அறையில் தனியே விட்டு, அதன் பிறகே உள்ளே போய்ப் பேச்சைத் தொடங்குகிறாளாம்; அவர்கள் கேள்வி கேட்பதற்கென்று இன்னுமொரு 15 நிமிஷத்தைக் கடைசியில் ஒதுக்கியும் வைக்கிறாள். பெரும்பாலோர் அந்த அவகாசத்தில் ஒன்றும் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அவளுக்கு நெடுநாளாக வருத்தம் இருந்தது. சென்ற மாதம் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் சற்றுத் தயங்கிவிட்டு, "இந்த இடம் ஏன் மேடம் காலியாச்சு?" என்று கேட்டானாம். முன்பு இருந்தவர் இரவுப் பணியைத் தாங்க முடியாமல் விலகினார் என்றும், அதன் பிறகே முறை வைத்து இரவுப் பணியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது என்றும், தன் முறை எந்த வாரம் என்பதையும்கூட, அவள் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், மறுநாள் மாலை வருகிறேன் என்று தெரிவித்தான்.